சிறுநீரகம் பழுதானால் ரத்தக்கட்டி கரைய ஏன் சிரமப்படுகிறது?

வீட்டில் யாருக்காவது டயாலிசிஸ் நடந்தால் கவனித்திருப்பீர்கள். ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கவே நேரம் பிடிக்கும். அதே ஆளுக்கு, டயாலிசிஸுக்காகக் கையில் அமைத்த ஃபிஸ்டுலா திடீரென ரத்தக்கட்டியால் அடைத்துக்கொள்ளும். ரத்தம் உறைய மாட்டேங்குதா, அதிகமா உறையுதா? ரெண்டும்தான்.

உடம்பில் கழிவுகள் தேங்குவதால் தட்டணுக்கள் சரியாக ஒட்டுவதில்லை. அதனால் ரத்தக்கசிவு. ஆனால் கட்டி ஒருமுறை உருவாகிவிட்டால் கதையே வேறு.

ரத்தக்கட்டி என்பது ஃபைப்ரின் என்ற புரத இழைகளால் பின்னிய வலை. காயம் ஆறியதும் அதை அறுப்பது பிளாஸ்மின் என்ற நொதி. வழக்கமாக அது பிளாஸ்மினோஜன் என்ற பெயரில் ரத்தத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். ரத்தக்குழாயின் உட்சுவர் சுரக்கும் டி.பி.ஏ. அதைத் தட்டி எழுப்பும். யூரோகைனேஸும் அதே வேலையைச் செய்யும். முதலில் சிறுநீரில் கண்டறியப்பட்டதால்தான் அதற்கு அந்தப் பெயர்.

நாள்பட்ட சிறுநீரக நோயில், டி.பி.ஏ.வின் கையைக் கட்டிப்போடும் பி.ஏ.ஐ-1 என்ற புரதம் பலருக்குக் கூடிவிடுகிறது. போதாததற்கு, ஃபைப்ரின் இழைகள் மெலிதாக, நெருக்கமாகப் பின்னிக்கொள்கின்றன. அடர்த்தியான இந்த வலையை அறுக்க பிளாஸ்மின் திணறுகிறது. சிறுநீரில் புரதம் கொட்டும் நெஃப்ரோடிக் சிண்ட்ரோமில் இன்னொரு பிரச்னையும் உண்டு: ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆன்டித்ராம்பினும் சேர்ந்தே வெளியேறிவிடுகிறது.

சரி, டெஸ்ட் எடுத்தால் தெரிஞ்சிடுமே? கோவிட் காலத்தில் நமக்கெல்லாம் பழகிப்போன டி-டைமர், ஃபைப்ரின் உடையும்போது வரும் துண்டு. சிறுநீரக நோயாளிகளுக்குக் கட்டி இல்லாமலேயே இது கூடுதலாக இருப்பதுண்டு. ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தைப் பார்த்து முடிவுக்கு வர முடியாது. காலில் சந்தேகம் என்றால் டாப்ளர் ஸ்கேன் தேவைப்படலாம்.

உண்மையில் சறுக்குவது மருந்தில்தான். எனாக்ஸாபரின் ஊசி, டபிகாட்ரான் மாத்திரை இரண்டும் பெருமளவு சிறுநீரகம் வழியாகவே வெளியேறுபவை. சிறுநீரகம் மந்தமானால் உடலில் தங்கி, ரத்தக்கசிவை உண்டாக்கும். அதிக மாதவிடாய்ப் போக்குக்கு சாதாரணமாக எழுதப்படும் ட்ரானெக்ஸாமிக் அமிலம் இதற்கு நேர் எதிர்: பிளாஸ்மினோஜன் ஃபைப்ரினில் ஒட்டவிடாமல் தடுத்து, கட்டி கரைவதை நிறுத்துகிறது. இதுவும் சிறுநீரில்தான் போக வேண்டும். தேங்கினால் வலிப்புகூட வரலாம். எனவே பல் பிடுங்கப் போனாலும், மகப்பேறு மருத்துவரிடம் போனாலும் கடைசி கிரியாட்டினின் ரிப்போர்ட்டை முதலிலேயே காட்டிவிடுங்கள். அவங்களே கேட்பாங்கன்னு காத்திருக்க வேண்டாம்.

ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஃபிஸ்டுலா இருப்பவர்கள் தினமும் அதன்மேல் விரல் வைத்துப் பாருங்கள். விர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுபோனால் அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் பொறுக்காமல், அன்றைக்கே மையத்துக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் போனால் அடைப்பை நீக்கி, அதே ஃபிஸ்டுலாவைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.