தீயுணர் கருவி

தீயுணர் கருவி என்பது தீயின் புகை, வெப்பம், சுடர் ஆகியவற்றுள் ஒன்றை அறிந்து எச்சரிக்கை ஒலியை எழுப்பும் சாதனம். தானியங்கி மின் தீ எச்சரிக்கைக்கு 1890 இல் ஐக்கிய அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது.

வகைகள்: ஒளிமின் புகையுணரி, புகைத்துகளில் சிதறும் ஒளியைக் கொண்டு கனன்று புகையும் தீயை விரைவில் அறியும். அயனாக்கப் புகையுணரி அமெரிசியம்-241 ஐப் பயன்படுத்துகிறது. சுடர்விட்டு எரியும் தீக்கு இது விரைந்து இயங்கும். வெப்பவுணரிகளுள் ஒருவகை குறித்த வெப்பநிலையிலும், மற்றது வெப்பம் சடுதியாக உயரும்போதும் இயங்கும். சுடருணரி புறஊதா அல்லது அகச்சிவப்புக் கதிர்களை அறியும். ஒளிக்கற்றை உணரி பரந்த கூடங்களுக்கு உரியது.

தெரிவு: கொழும்பில் வெள்ளவத்தை போன்ற தொடர்மாடிப் பகுதிகளில் படுக்கையறை, நடைவழி, படிக்கட்டு ஆகியவற்றுக்கு ஒளிமின் புகையுணரி ஏற்றது. தாளிப்புப் புகை எழும் சமையலறைக்கு வெப்பவுணரியே பொருந்தும். சாம்பிராணியும் கற்பூரமும் ஏற்றும் சாமியறைக்கு அருகில் புகையுணரி பொருத்தினால் பொய் எச்சரிக்கை எழும். துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையில், உயர்ந்த கூரையுள்ள களஞ்சியங்களுக்கு ஒளிக்கற்றை உணரியும், எரிபொருள் வைக்கும் இடங்களுக்குச் சுடருணரியும் உகந்தவை. பல மாடிக் கட்டடங்களில், தீப்பற்றிய இடத்தைத் தனித்தனியே காட்டும் முகவரியிடப்பட்ட தொகுதி தேவை.

பராமரிப்பு: கடற்காற்றின் உப்பும் ஈரப்பதனும் மின்தொடுப்புகளை அரிக்கும், தூசியும் பூச்சிகளும் உணரியறையை அடைக்கும். எனவே மாதந்தோறும் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதும், ஏறக்குறைய பத்து ஆண்டுகளில் புகையுணரியை மாற்றுவதும் அவசியம். எச்சரிக்கை ஒலித்தால் மின்தூக்கியைத் தவிர்த்துப் படிக்கட்டால் வெளியேறி, கொழும்பில் 110 என்ற இலக்கத்தில் தீயணைப்புப் படையினரை அழைக்க வேண்டும்.