நரம்பாலியும் புளிய மரமும்

மாரண்டஹள்ளி வட்டாரத்தில் எங்கும் கண்ணில் படும் மரங்களில் ஒன்று புளி. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலை மர இனமான நரம்பாலியைப் பார்க்க வேண்டுமானால், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மழைக்காடுகளுக்குப் போக வேண்டும். கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் பைன் மரங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. புளியும் பூர்வத்தில் ஆப்பிரிக்க மரம்தான்.

நரம்பாலியின் அறிவியல் பெயர் நாகெயா வாலிச்சியானா. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த நத்தானியேல் வாலிச்சின் நினைவைத் தாங்கிய பெயர் அது. ஊசியிலைக் கூட்டத்தைச் சேர்ந்ததென்றாலும் இதன் இலை ஊசியாக இருக்காது; அகன்று, தடித்து, பளபளக்கும். நடுநரம்பு கிடையாது, மெல்லிய நரம்புகள் காம்பிலிருந்து நுனிவரை இணையாக ஓடும். புளியிலோ ஓர் இணுக்கில் ஏறத்தாழ 10 முதல் 18 ஜோடிச் சிற்றிலைகள். இரவில் அவை மடிந்துகொள்ளும்.

அடிப்படை வேறுபாடு விதையில்தான் இருக்கிறது.

புளியம்பூவின் மஞ்சள் இதழ்களில் செந்நிறக் கோடுகள் ஓடும். ஆண், பெண் உறுப்புகள் ஒரே பூவில் இருக்கும். தேனீக்கள் மகரந்தம் சேர்க்க, சூலகம் காயாகிறது; ஓடு, நார், சதை ஆகியவற்றுக்குள் கொட்டை மூடிக்கிடக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் உரிகம் புளி நீண்ட காய்களுக்குப் பெயர் பெற்றது.

நரம்பாலியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூவிதழும் இல்லை, சூலகமும் இல்லை. காற்றில் வரும் மகரந்தம் நேரே சூலை அடைகிறது. முதிர்ந்த விதையைச் சதைப்பற்றான உறை சூழ்ந்திருப்பதால் பழம் போலத் தோன்றும். தாவரவியல்படி அது பழமல்ல.

மரக்கட்டையின் அமைப்பும் வேறு. நரம்பாலியில் நீரை மேலே கொண்டுசெல்பவை குறுகிய நுண்செல்கள். புளியில் அகன்ற குழாய்களும் உண்டு. புளியின் வைரம் பாய்ந்த கட்டை அரிவாள் வெட்டுக்கு எளிதில் சிதையாது. அதனால்தான் கறிக்கடைகளில் வெட்டுக்கட்டையாகிறது.

இலையை மட்டும் பார்த்து மரத்தின் இனத்தை முடிவு செய்யக்கூடாது. ஊசியிலை மரம் போலவே நிற்கும் சவுக்கு உண்மையில் பூக்கும் தாவரம். அகன்ற இலைகொண்ட நரம்பாலிதான் ஊசியிலைக் கூட்டத்தைச் சேர்ந்தது. விதை சூலகத்துக்குள் உருவாகிறதா, வெளியே உருவாகிறதா என்பதே இரண்டையும் பிரிக்கும் அளவுகோல்.