காணாய்: முதுமையைச் சொல்லும் பெண்ணும் சொல்லப்படும் பெண்ணும்

பெண்ணின் பருவப் பெயர்கள் யாவை என வினவின், தமிழ் பயின்றோர் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழினையும் வரிசை பிறழாமல் கூறிவிடுவர். பரவலாக வழங்கும் கணக்கின்படி 5 வயதில் தொடங்கும் இவ்வரிசை 40இல் முடிந்துவிடுகிறது. பாட்டியல் நூல்கள் ஆடவர்க்கும் பருவப் பெயர்கள் வகுத்துள்ளன. அவ்வரிசையின் இறுதிச் சொல் முதுமகன். அதற்கு மேலெல்லை இல்லை. மகளிர் வரிசையின் இறுதிச் சொல்லிலோ ‘இளமை’ உள்ளடங்கி நிற்கிறது. ‘பேர்’ என்னும் அடை இளமையை மிகுவிப்பதுபோல் தோன்றினும், இளமை முடியப்போவதையே அது உணர்த்துகிறது. இது ஒருவகை இடக்கரடக்கல் எனலாம்.

இச்சொற்கள் அனைத்தும் தொடக்கத்திலேயே வயதுவரம்பு பெற்றவை அல்ல. சங்கப் பாடல்களில் அரிவை, மடந்தை என்பன பெண் என்னும் பொதுப்பொருளிலேயே பயில்கின்றன. வயதை அளந்து இவற்றை அடுக்கும் தேவை உலா இலக்கியத்தால் நேர்ந்தது. சேரமான் பெருமாளின் திருக்கைலாய ஞானவுலாவிலும், 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய மூவருலாவிலும், தலைவன் வீதியில் பவனி வருகிறான். எழுபருவ மகளிரும் அவனைக் கண்டு மயங்குகின்றனர். தலைவன்மீது காதல் கொள்ளத்தக்கவள் யார் என்பதே அங்குப் பகுப்பின் அடிப்படை. நாற்பதைக் கடந்தவளுக்கு அந்த வீதியில் வேலை இல்லை; ஆகவே பெயரும் இல்லை.

ஆயினும் தமிழில் முதியவளைக் குறிக்கும் சொல் இல்லாமற் போகவில்லை. முதியோள், முதுபெண்டு, மூதாட்டி எனப் பல உள. அவள் தோற்றத்தைப் பேசும் பழைய பாடல்களுள் சில பெண்பாற் புலவர் பெயரால் வழங்குவன. ஔவையார் பாடிய குறுந்தொகை 23ஆம் பாட்டில் கட்டுவிச்சியின் நரைத்த கூந்தல் சங்குமணிக் கோவைக்கு உவமிக்கப்படுகிறது. அக்கூந்தலுக்கு ‘நல்’, ‘நெடு’ என்னும் அடைகளும் தரப்பட்டுள்ளன. இளம்பெண்ணின் கருங்கூந்தலுக்கு உரிய அடைகள் நரைக்கும் தயக்கமின்றி வழங்கியிருப்பது கருதத்தக்கது. புறநானூறு 277இல் பூங்கணுத்திரையார் ஒரு தாயின் வெண்ணரைக்குக் கொக்கின் தூவியை உவமை கூறுகிறார். அடுத்த பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் நரம்பு புடைத்து வற்றிய தோள்களைக் காட்டுகிறார். இம்மூன்றிலும் முதுமை மறைக்கப்படவும் இல்லை, இழிக்கப்படவும் இல்லை. எனினும் மூன்றிலும் முதியவள் படர்க்கையிலோ முன்னிலையிலோ நிற்கிறாள். தன் நரையைத் தானே சொல்பவள் அல்லள்.

தன்மை இடத்தில் நின்று பேசும் முதியவளைப் பாலி மொழியின் தேரீகாதையில் காண்கிறோம். வைசாலி நகரத்துக் கணிகையாக இருந்து பின் துறவு பூண்ட அம்பபாலியின் பெயரால் அதில் 19 பாடல்கள் உள. தன் மகன் விமல கொண்டஞ்ஞனின் அறவுரையைக் கேட்டு அவள் பாடியவை இவை என்று உரையாசிரியர் தம்மபாலர் கூறுவார். (இத்தம்மபாலர் தமிழகத்துப் பதரதித்தத்தில் வாழ்ந்தவர் என்பது பௌத்த மரபு.) கூந்தலில் தொடங்கிப் பாதம்வரை உறுப்புதோறும் முன்பிருந்த எழிலும் இன்றுள்ள நிலையும் எதிரெதிரே வைக்கப்படுகின்றன. வண்டின் நிறம் கொண்டு நுனி சுருண்டிருந்த கூந்தல் இன்று சணல் நார் போலாயிற்று. ஓவியன் தீட்டியதுபோன்ற புருவம் சுருக்கங்களால் தாழ்ந்தது.

இதே அமைப்பு மணிமேகலையின் இருபதாம் காதையிலும் வருகிறது. காயசண்டிகையின் வடிவில் இருக்கும் மணிமேகலை, தன்னைப் பின்தொடரும் உதயகுமரனுக்கு நரைமூதாட்டி ஒருத்தியைச் சுட்டிக்காட்டி அவள் உறுப்புகளை ஒவ்வொன்றாக விளக்குகிறாள். கருமணல்போன்ற கூந்தல் வெண்மணலாயிற்று. வில்போன்ற புருவம் இறால் வற்றல் ஆயிற்று. முத்துப்போன்ற பல் சுரைவிதை ஆயிற்று. இரு நூல்களும் பௌத்தம் சார்ந்தவை. அம்பபாலி கணிகை, மணிமேகலை கணிகையர் குலத்து மாதவியின் மகள். எது எதற்குக் கடன்பட்டது என்னும் வினா எனக்கு அத்துணைப் பயனுடையதாகத் தோன்றவில்லை. கேசாதிபாத வருணனையைத் தலைகீழாக்கும் மரபு இரண்டுக்கும் பொது. இலக்கணத்தால் அவை எவ்வாறு வேறுபடுகின்றன என்பதே மொழியியலார்க்குரிய வினா.

பாலிப் பாடல்களில் ‘மம’ (என்னுடைய) என்னும் சொல்லும் ‘புரே’ (முன்பு) என்னும் காலச்சொல்லும் மீண்டும் மீண்டும் வருகின்றன. ‘ஜராய’ (மூப்பினால்) என்னும் கருவிப்பொருள் வடிவம் மாற்றத்தின் காரணத்தை வெளிப்படக் கூறுகிறது. மணிமேகலையில் திரும்பத் திரும்ப வருவன ‘காணாய்’, ‘காணாயோ நீ’ என்பன. இவை உதயகுமரனை நோக்கிய முன்னிலை வடிவங்கள். ஒன்று ஏவல், மற்றொன்று வினா. இரண்டையும் ஒரே தொடரால் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர் சாத்தனாரின் ஏற்ற இறக்கத்தை இழந்துவிடுவர். மாற்றத்தைக் குறிக்க ‘வேறாகி’, ‘வேறாயின’ என்னும் தன்வினை வடிவங்கள் வருகின்றன. கூந்தல் வேறாயிற்று, பல் வேறாயிற்று. யாருக்கு என்பது சொல்லப்படவில்லை. அம்மூதாட்டிக்குப் பெயர் இல்லை. அவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. வேறொருத்தியின் உடலைப் போர்த்துக்கொண்டு நிற்பவளே இதனைச் சொல்கிறாள் என்னும் முரணையும் காப்பியம் நமக்கு வைத்திருக்கிறது.

இன்னொரு வேறுபாடு உறுப்புகளின் பட்டியலிலேயே உள்ளது. மணிமேகலை காட்டுவன யாவும் கண்ணுக்குப் புலப்படுவன. அம்பபாலியோ தன் குரலையும் சேர்க்கிறாள். காட்டில் திரியும் குயில்போல் ‘நான்’ கூவினேன், இன்று அக்குரல் ஆங்காங்கே இடறுகிறது என்கிறாள். தன் குரல் தளர்வதை உள்ளிருந்து உணர்பவளே அதைப் பட்டியலில் சேர்க்க முடியும்.

அணிகலன் பற்றிய நோக்கும் வேறு. பூவும் சாந்தும் ஆடையும் அணியும் புலாலை மறைக்க முன்னோர் வகுத்த வஞ்சம் என்று மணிமேகலை முடிக்கிறாள். அம்பபாலி தன் ஒப்பனையை வஞ்சம் என்று பழிக்கவில்லை. சீப்பும் ஊசியும் கொண்டு சீர்செய்த கூந்தல், பொன்மோதிரம் அணிந்த கை, சிலம்பு அணிந்த கணைக்கால் என அவற்றை நுணுக்கமாக நினைவுகூர்கிறாள். இதனைப் பற்று என்பதா, விடைபெறுதல் என்பதா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடலாம். சுதை உதிர்ந்த பழைய வீடு என்று தன் உடலை அவள் கூறும் இறுதிப்பாடலில் அருவருப்பைவிட அவ்வீட்டில் குடியிருந்தவளின் அறிமுகமே மிகுதி என்பது என் கருத்து.

அம்பபாலியைத் தமிழாக்குவோர்க்கு இடர் இங்கேதான். உறுப்புத் தளர்வுக்கு வேண்டிய சொற்களை எல்லாம் சாத்தனார் முன்பே ஆக்கி வைத்துள்ளார். கை தானே அங்குச் செல்லும். ‘உணங்கல்’ என்னும் சொல்லை அவர் அப்பகுதியில் நான்கு இடங்களில் ஆள்கிறார். மீன் வற்றலையும் உதிர்ந்து உலர்ந்த தேங்காயையும் நினைவூட்டும் அச்சொல், புறத்தே நின்று நோக்குவோரின் சொல். ‘என் தோள் உணங்கல் ஆயிற்று’ எனப் பெயர்த்தால் தன்மை இடத்தில் மூன்றாம் ஆளின் கண் புகுந்துவிடும். ‘திரை’, ‘திரைதல்’ ஆகியவை ஏற்புடையன. அலை, தோற்சுருக்கம் என்னும் இரு பொருளும் ‘திரை’யில் உண்டு, இகழ்ச்சிக் குறிப்பு இல்லை.

‘திரங்குதல்’ என்னும் வினையின் நிலை சிக்கலானது. மணிமேகலையில் அது மூதாட்டியின் தோளுக்கும் விரலுக்கும் வருகிறது. காரைக்காலம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் முதலடியிலேயே பெண்பேயின் வருணனையில் வருகிறது. சாத்தனாரின் மூதாட்டிக்குரிய தளர்ந்த முலையும் புடைத்த நரம்பும் அப்பேய்க்கும் உரியன. கணவனுக்காகத் தாங்கிய வனப்பைக் கழித்தருளுமாறு அம்மையார் வேண்டியதாகச் சேக்கிழார் கூறுவார். ஆனால் பதிகத்தின் முடிவில் அம்மையார் தமக்கு இட்டுக்கொள்ளும் பெயர் ‘காரைக்காற் பேய்’. முதலடியில் படர்க்கையாக நின்ற வடிவத்தை இறுதியில் கையொப்பமாக ஏற்றுக்கொள்கிறார்.