மேடையும் ஒளியும்

பள்ளி விழாவில் நாடகம் என்றால் வசனம், உடை, ஒப்பனை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். விளக்கை மட்டும் கடைசியில்தான் நினைக்கிறோம். அந்த விளக்குக்கும் ஒரு வரலாறு உண்டு.

தெருக்கூத்து தீப்பந்த ஒளியில் நடந்தது. அடர்ந்த அரிதாரமும் கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடமும் அந்த மங்கிய ஒளியிலும் பளிச்சிட்டன. பின்னர், காற்றடித்து ஏற்றும் கேஸ் விளக்குகள் திருவிழா மேடைகளுக்கு வந்தன.

ஐரோப்பிய அரங்குகளில் எரிவாயு விளக்குகள் எரிந்தன. 1881 டிசம்பர் 8-ஆம் நாள் வியன்னாவின் ரிங் அரங்கில் அந்த எரிவாயுவால் தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதே மாதம் 28-ஆம் நாள் லண்டன் சவாய் அரங்கின் மேடை மின்னொளி பெற்றது. பதின்மூன்று ஆண்டுகளில் மின்சாரம் நம் சிலாங்கூருக்கும் வந்துவிட்டது. 1894-இல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவிய இருவரில் ஒருவர் நம்மவரான தம்புசாமிப் பிள்ளை. மற்றவர் லோக் யூ. மறு ஆண்டு கோலாலம்பூர் இரயில் நிலையம் மின்சாரம் பெற்றது.

வெளிச்சம் கிடைத்துவிட்டது. அதை எங்கே வைப்பது? எங்கள் தோட்டப் பள்ளியில் ஒருமுறை அரிச்சந்திரன் நாடகம் போட்டோம். குழல் விளக்குகளை மேடைக்கு நேர் மேலே கட்டினோம். சந்திரமதியாக நடித்த மாணவியின் கண்களை நிழல் மூடிவிட்டது. வேலை முடிந்து ஓடி வந்திருந்த அவள் தாயார், "பாட்டு கேட்டுச்சு சார், புள்ள முகந்தான் தெரியல" என்றார். எங்களுக்குப் பதில் இல்லை.

பதில் முன்பே எழுதப்பட்டிருந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆசிரியர் ஸ்டான்லி மெக்கண்டலஸ் 1932-இல் ஒரு முறையை நூலாக வெளியிட்டார். நடிகருக்கு முன்னே, இடமும் வலமுமாக, 45 பாகை உயரத்திலிருந்து இரு விளக்குகள் வரவேண்டும். ஒன்று இளமஞ்சள், மற்றது இளநீலம். அப்போது முகம் தெளிவாகத் தெரியும். மேடு பள்ளமும் மறையாது. பின்னாலிருந்தும் ஒரு விளக்கு வந்தால், நடிகர் திரையோடு ஒட்டாமல் தனித்து நிற்பார்.

பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் பைன் ஆர்ட்ஸ் அரங்கில் நாட்டியம் காணும் வாய்ப்புக் கிடைத்தால், விளக்குகள் எங்கிருந்து வருகின்றன என்று கவனியுங்கள். நமக்கு அத்தனை விளக்குகள் வேண்டாம், இரண்டு போதும். ஒத்திகையன்று கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். அங்கிருந்து முகம் தெரிந்தால், பிள்ளையைப் பார்க்க வந்த தாய் ஏமாற மாட்டார்.