குழியும் கணக்கும்

அனுமந்தன்பட்டியில் எங்கள் தந்தையார் இறந்தது ஒரு சித்திரை மாத இரவில். நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை. வயலிலிருந்து திரும்பி, செபமாலை சொல்லிப் படுத்தவர் விடியலில் எழவில்லை. அகவை 63. கோயிலில் துக்க மணி அடித்து ஓய்வதற்குள் கணக்கு வாசலுக்கு வந்துவிட்டது. சவப்பெட்டி, பந்தல், நாற்காலி, குழி வெட்டுவோர் கூலி, கொட்டு, பூ அலங்காரம், வெளியூர்ச் சுற்றத்தாருக்குச் சோறு. வந்தவர் ஒவ்வொருவரும் கனிவாகத்தான் கேட்டனர்: “எப்படிச் செய்யலாம் தம்பி?” தந்தையின்மீது உங்களுக்கு எவ்வளவு அன்பு என்று கேட்பதுபோல் அது எங்கள் செவியில் விழுந்தது. விலை பேச நா எழவில்லை. நண்பகலுக்குள் அம்மாவின் தோடு அடகுக்குப் போயிற்று.

அடக்கம் முடிந்த பின்னர் தொடக்கநூலின் 23-ஆம் அதிகாரத்தை நாங்கள் வேறு கண்களோடு வாசித்தோம். சாராவை இழந்த ஆபிரகாம் எபிரோனில் அந்நியர். மனைவியைப் புதைக்க அவருக்குச் சொந்த நிலமில்லை. மக்பேலாக் குகையை விலைக்குக் கேட்கிறார். உரிமையாளர் எப்ரோன் முதலில் இலவசம் என்கிறார். பிறகு, நமக்குள் இதெல்லாம் ஒரு பொருட்டா என்ற பாவனையில், 400 செக்கேல் வெள்ளி என்று விலையையும் சொல்லிவிடுகிறார். ஆபிரகாம் மறுபேச்சின்றி நிறுத்துக் கொடுக்கிறார். சோதோம் நகருக்காக ஆண்டவரிடமே ஐம்பதிலிருந்து பத்துவரை பேரம் பேசியவர் அவர்! பிற்காலத்தில் எரேமியா ஒரு நிலத்தை வாங்கியது 17 செக்கேலுக்கு. அது முற்றுகைக் காலத்து விலை என்று தள்ளிக் கணக்கிட்டாலும் இடைவெளி பெரிதே. பிணம் கிடக்கும் வீட்டாரால் பேரம் பேச இயலாது என்பதை எப்ரோன் அறிந்திருந்தார் போலும்.

அந்தப் பேரத்தை உயிரோடிருக்கும்போதே முடித்து வைக்கும் வழியை உரோமைப் பேரரசின் எளியோர் கண்டனர். உரோமைக்கு அருகே இலானுவியம் என்னும் ஊரில், கி.பி. 136-ஐச் சேர்ந்த கல்வெட்டொன்றில், ஓர் அடக்கச் சங்கத்தின் விதிகள் பொறிக்கப்பட்டுள்ளன. சேரும்போது 100 செஸ்டர்ஸ் நாணயமும் ஒரு சாடி நல்ல திராட்சை இரசமும் தர வேண்டும். பின்னர் மாதந்தோறும் ஐந்து செப்புக் காசுகள். உறுப்பினர் இறந்தால் சங்கம் 300 செஸ்டர்ஸ் தரும். அதில் 50 ஈமச் சடங்குக்கு வந்தவர்களுக்குப் பகிரப்படும். வெளியூரில் ஒருவர் இறந்ததாகச் சேதி வந்தால் மூவரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அடிமைகளும் அதில் உறுப்பினர். எசமான் உடலைத் தர மறுத்தால், ஓர் உருவத்தை வைத்தாவது சடங்கு செய்தார்கள். தியானா தேவதையை வணங்கிய இந்தச் சங்கத்தாரை நினைக்கையில் நமக்குத் தலை தாழ்கிறது. ஆயினும் தொடர்ந்து சந்தா செலுத்தாதவர்க்கு அங்கே உரிமை இல்லை. செலுத்த வழியற்றவர் கதி என்ன?

கி.பி. 197-ஐ ஒட்டி, கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியன் தம் சபையின் பொதுப் பெட்டியைப் பற்றி எழுதுகிறார். விரும்பியவர், இயன்றவர், இயன்ற அளவு மாதம் ஒருமுறை இடுவர், கட்டாயமில்லை. அந்தப் பணம் ஏழைகளுக்கு உணவிடவும் அவர்களை அடக்கம் செய்யவும், அனாதைகளையும் முதியோரையும் பேணவும் செலவாயிற்று. பணம் இட்டவருக்கே அடக்கம் என்ற கணக்கு இங்கே உடைகிறது. 1498-இல் இலிஸ்பனில் அரசி இலெயொனோர் ஆதரவில் தோன்றிய இரக்கச் சபையும் மரித்தோரை அடக்கம் செய்வதைத் தன் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டது. போர்த்துக்கீசியரோடு அது கோவாவுக்கும் கொச்சிக்கும் வந்தது.

மலைக்கு இப்பால் இருக்கும் நமக்கும் தொலைவில் நிகழும் சாவு புதிதன்று. 1887 முதல் 1895 வரை பெரியாற்று அணை எழும்பியபோது காய்ச்சலும் காலராவும் தொழிலாளர் பலரைக் கொண்டு சென்றன. வீட்டாரின் கைம்மண் விழாமலே காட்டில் புதையுண்டோர் எத்தனையோ பேர். அந்த நீரில்தான் எங்கள் தந்தையார் நெல் விளைத்தார். இன்றும் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் செல்வோரில் ஒருவர் அங்கே இறந்தால், உடலை மலையிறக்குவதே வீட்டாரின் முதற்செலவு. கையில் பணமில்லாதவர் அந்த நேரத்தில் வட்டி விகிதம் கேட்பதில்லை. கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கேத வீட்டில் கடன் வாங்குகிறவர் சட்டப் புத்தகத்தைத் தேடுவாரா?

அரசு உதவி இல்லாமலில்லை. 1995 ஆகஸ்டு 15-இல் தொடங்கிய தேசியக் குடும்ப நல உதவித் திட்டம் இயற்கைச் சாவுக்கு 5,000 ரூபாயும் விபத்துச் சாவுக்கு 10,000 ரூபாயும் தந்தது. 1998-இல் இரண்டுக்கும் 10,000, 2012-இல் 20,000. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள வீட்டில், 18 முதல் 59 வயதுக்குள் உழைத்துக் காப்பாற்றியவர் இறந்தால்தான் அது கிடைக்கும். இறக்கும் நாள்வரை மண்வெட்டி பிடித்த எங்கள் தந்தையாருக்கு நான்கு வயது கூடிவிட்டது.

அன்று முற்பகலில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, எங்கள் கையிலிருந்த நோட்டை வாங்கிக்கொண்டார். “போய் அம்மாகிட்ட உட்காருங்கப்பா” என்றார். பூ அலங்காரத்தையும் கொட்டையும் அவரே நிறுத்தினார். பந்தலுக்குப் பாதி வாடகை பேசினார். பெட்டிக்கு முன்பே பணம் கொடுத்தாகிவிட்டது. ஊரார் சிலர் முணுமுணுத்ததாகப் பிற்பாடு கேள்வியுற்றோம்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு பரண்மேல் தந்தையாரின் பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. எந்தெந்தக் கேத வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற வரிசை அதில் இருந்தது. சில பெயர்களுக்கு எதிரே தொகை மட்டும் இருந்தது. திரும்பி வந்ததற்கான குறி இல்லை. அந்த வீடுகளுள் இரண்டு எங்களைவிட ஏழ்மையானவை. நாங்கள் அவர்களிடம் கேட்கவில்லை.

தோட்டை மீட்கப் பதினான்கு மாதங்கள் ஆயின. இப்போது தெருவில் துக்க மணி கேட்டால், மாலை வாங்கப் போகுமுன் அந்த வீட்டுக்குச் சென்று நோட்டை வாங்கிக்கொள்கிறோம்.