பதின்பருவ அபாய நடத்தைகளும் உயர்கல்வியும்

புகைபிடித்தல், மது, கஞ்சா, பாதுகாப்பற்ற பாலுறவு, அடிதடி, பள்ளிக்கு மட்டம் போடுதல் போன்று, வளரும் வயதினரின் உடல்நலத்தையோ எதிர்காலத்தையோ கெடுக்கக்கூடிய செயல்கள் பதின்பருவ அபாய நடத்தைகள் எனப்படும். இவற்றில் அடிக்கடி ஈடுபடுவோரில் பள்ளிப்படிப்பை முடித்துக் கல்லூரிக்குச் செல்வோர் குறைவு. இத்தொடர்புக்கான காரணம் குறித்து விரிவான ஆய்வுகள் நடந்துள்ளன.

கோட்பாடு

ரிச்சர்ட் ஜெஸ்ஸர், ஷெர்லி ஜெஸ்ஸர் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 1977இல் வெளியிட்ட நூலில், இந்நடத்தைகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்ந்தே வருவதைக் காட்டினர். படிப்பில் நாட்டமும் பெற்றோரின் அரவணைப்பும் இவற்றைத் தணிக்கின்றன. நண்பர்களின் தூண்டுதலோ இவற்றை வளர்க்கிறது.

நீண்டகால ஆய்வுகள்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 1977இல் பிறந்த 1,265 குழந்தைகளை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். இந்தத் தரவுகளையும் இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வுகளின் தரவுகளையும் இணைத்த ஆய்வு 2014இல் வெளியானது. 17 வயதுக்கு முன் நாள்தோறும் கஞ்சா புகைத்தவர்கள் பள்ளிப்படிப்பை முடிப்பதற்கும் பட்டம் பெறுவதற்குமான வாய்ப்பு, அதைத் தொடாதவர்களைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைவு என்று அது கண்டறிந்தது. குடும்பச் சூழல் முதலிய பிற காரணிகளைக் கணக்கில் கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு நீடித்தது.

முந்துவது எது?

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க மாணவர்களை 8ஆம் வகுப்பிலிருந்து 22 வயதுவரை தொடர்ந்து ஆராய்ந்தனர். 2008இல் நூலாக வந்த அந்த ஆய்வின்படி, போதைப் பழக்கத்தால் படிப்பு கெடுவதைவிட, படிப்பில் பின்தங்கியவர்கள் பின்னர் அப்பழக்கத்துக்கு ஆளாவதே மிகுதி. குறைந்த மதிப்பெண், ஒரே வகுப்பில் மீண்டும் படித்தல், பள்ளியிலிருந்து இடைநீக்கம் ஆகியவை முன்கூட்டியே தெரியும் அறிகுறிகள். வறுமையும் பெற்றோரின் கல்விக்குறைவும் படிப்பில் பின்தங்குதல், போதைப் பழக்கம் ஆகிய இரண்டுக்கும் பொதுவான வேர்களாக அமைவதுண்டு.

கல்லூரிக்குச் சென்ற பின்

உயர்கல்வி எல்லா அபாயங்களையும் குறைப்பதில்லை. அமெரிக்காவில் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் மாணவர்கள் பள்ளிப் பருவத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே குடிக்கின்றனர். ஆனால் வீட்டைவிட்டு வெளியேறி விடுதி வாழ்க்கைக்கு வந்ததும், ஒரே அமர்வில் அளவுமீறிக் குடிப்பதில் தம் வயதொத்த பிறரை மிஞ்சிவிடுகின்றனர். புகைப்பழக்கமோ கல்லூரி செல்லாதவர்களிடமே கூடுதல்.

தடுப்பு

போதையின் தீமைகளைப் பற்றிய அறிவுரை மட்டும் போதாது என்பதே இந்த ஆய்வுகள் தரும் பாடம். பின்தங்கும் குழந்தையைத் தொடக்க வகுப்புகளிலேயே அடையாளம் கண்டு கைதூக்கிவிட வேண்டும். தவறு செய்த மாணவரை வெளியேற்றுவது அவரைத் தடுத்து நிறுத்தக்கூடிய பிணைப்பையே அறுத்துவிடும். அவரைப் பள்ளியிலேயே வைத்துத் திருத்துவதுதான் உயர்கல்விக்கான வழியைத் திறந்து வைக்கும்.