இசையில் பொருளுணர்த்தல்

மழை, புலி, நடை, சாவு, விடியல் போன்ற இசையல்லாதவற்றை இசையால் கேட்பவர் மனத்தில் எழுப்புவது இசையில் பொருளுணர்த்தல் எனப்படும். அது எவ்வளவு தூரம் கைகூடும் என்று பார்க்க மலேசியாவில் வட சிலாங்கூரின் சுங்கை புரோங் வட்டாரம் தக்க இடம். மேற்கே மலாக்கா நீரிணை, பக்கத்தில் தஞ்சோங் காராங் நெல்வயல்கள், கோல சிலாங்கூர்ப் பக்கம் போனால் செம்பனைத் தோட்டங்கள் என்று வெவ்வேறு நிலங்கள் அங்கே அருகருகே இருக்கின்றன.

நிலத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைத் தமிழ் வெகுகாலத்துக்கு முன்பே பேசியிருக்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் கருப்பொருளாக வைத்தது தொல்காப்பியம். மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை என்று பின்வந்தோர் பகுத்துச் சொன்னார்கள். பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. நெல் அரியும்போது முழங்கியது நெல்லரிகிணை. அந்தப் பறை வயலைப் போல ஒலித்திருக்க வேண்டியதில்லை. வயல்வேலையோடு சேர்ந்தே கேட்டுக் கேட்டு வயலின் ஒலியாகிவிட்டது.

தோட்டப் பயிர்களுக்கு அந்த இலக்கணத்தில் பறை கிடையாது. பெஸ்தாரி ஜெயா (பழைய பத்தாங் பெர்ஜுந்தை) அருகே, ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நடப்பட்ட முதல் செம்பனை அது. தோட்டத்தின் பெயரே தமிழ். பால்மரத்துக்கும் செம்பனைக்கும் நடுவே வாழ்ந்த லயத்து மக்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த தப்பையும் உறுமியையும் தங்கள் புது நிலத்தின் பறைகளாக்கிக்கொண்டார்கள். எந்த இலக்கண ஆசிரியரும் அதை வகுத்துக் கொடுக்கவில்லை.

உறுமி, இடை ஒடுங்கிய இருமுக மேளம். ஒரு முகத்தில் நேர்க்குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கத் தோல் குச்சியைப் பற்றுவதும் விடுவதுமாக அதிரும். வில் பட்ட வயலின் தந்தியிலும் இதுவே நடக்கிறது. அழுத்தத்துக்கேற்ப ஒலி நெளிந்து ஏறி இறங்குவதால், விலங்கின் தொண்டையிலிருந்து வரும் உறுமலாகவே அது கேட்கும். பெயரும் அப்படி வந்ததுதான். இசை ஒரு பொருளை அதன் ஒலியிலேயே பிடித்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழரிடம் இல்லை.

ஆனால் 1892 முதல் தைப்பூசம் நடக்கும் பத்துமலையின் படிகளில், காவடிக்கு முன்னால் உறுமி முழங்கும்போது பக்தர் கேட்பது விலங்கை அல்ல. அவருக்கு அருள் வருகிறது. தமிழ்நாட்டில் கம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டத்துக்கும் உறுமிதான் வாசிக்கிறார்கள். அங்கே ஆடுபவரின் கால் அடவு மாறுகிறது, அவ்வளவே. உறுமல் தோலில் இருக்கிறது. அருள், கேட்பவர் வளர்ந்த ஊரில் இருக்கிறது.

கெட்டிமேளமும் அப்படித்தான். மண்டபத்தின் கடைசி வரிசையில் தாலி கண்ணுக்குத் தெரியாதவரும் அது கேட்டதும் அட்சதை தூவுகிறார். கம்பீரநாட்டையில் நாகசுரம் மல்லாரி தொடுத்தால் சுவாமி புறப்பட்டுவிட்டார் என்று கோயில் வீதிக்குத் தெரியும். மல்லாரிக்குச் சொல்லே கிடையாது. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களின் விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஆள்களை எழுப்பியது தப்பு. இழவு வீட்டிலும் அதே தப்புதான். மாறியது அடி மட்டும். எந்த அடிக்கு எழ வேண்டும், எந்த அடிக்கு அழ வேண்டும் என்பது லயத்துக் குழந்தைக்கும் தெரிந்திருந்தது.

ராகங்களைப் பற்றிய நம்பிக்கைகளை இவ்வளவு உறுதியாக ஏற்க முடியாது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) அமிர்தவர்ஷிணி பாடி மழை வருவித்தார் என்பது செவிவழிக் கதை. அதே ராகத்தில் இளையராஜா ‘அக்னி நட்சத்திரம்’ (1988) படத்தில் அமைத்தது காதல் பாட்டு. ஏழு சுரங்களுக்கு மயில், காளை, ஆடு முதல் யானை வரை குரல் வகுத்த பழைய நூல்களும் சுரத்தை நினைவில் வைக்க உதவுமே தவிர, நிஷாதத்தைக் கேட்டு யானை என்று சொன்னவர் இல்லை.

ஐரோப்பாவிலும் இதே சிக்கல். பீத்தோவன் தம் ஆறாம் சிம்பொனியில் (1808) புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட் மூன்றையும் நைட்டிங்கேல், காடை, குயில் என்று கூவ வைத்தார். வைத்தவர் பறவைகளின் பெயரையும் இசைத்தாளில் எழுதினார். குயிலுக்கு அது தேவையில்லை. மற்ற இரண்டுக்கும் தேவை. இசையால் உணர்ச்சியின் பெயரைச் சொல்ல முடியாது, அதன் அசைவை மட்டுமே காட்ட முடியும் என்று இசை விமர்சகர் எடுவார்ட் ஹான்ஸ்லிக் 1854இல் வாதிட்டதும் இதை ஒட்டியே.

ஆகவே, ஒரு பொருளை இசை முழுமையாகப் பிடிக்குமா என்றால், ஒலியால் மட்டும் பிடிக்காது. குரல், நடை, வேகம், அழுத்தம் ஆகியவை பிடிபடும். நிறமும் பெயரும் பிடிபடாது. கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தானில் ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுகின்றன. அந்தத் தாளத்தைத் தப்பில் அடித்துவிடலாம்; வெளிச்சத்தை அடிக்க முடியாது. ஒலி விட்டதை நிரப்புவது கேட்பவர்களின் கூட்டு நினைவு. அந்த நினைவு உள்ள இடத்தில் மட்டும் இசை முழுமைக்கு மிக அருகே வருகிறது.

மலேசியத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் போனபோது மேளங்களும் உடன் போயின. இன்று தைப்பூசத்தில் உறுமி மேளக் குழுக்களுக்குக் குறைவில்லை. இந்த அடி சாவுக்கு, இந்த அடி சாமிக்கு என்று பிரித்துச் சொல்லும் பெரியவர்கள்தான் குறைந்து வருகிறார்கள். வட சிலாங்கூரில் அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஒவ்வோர் அடியையும் அதன் பெயரோடும் நேரத்தோடும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்து வையுங்கள்.